முப்பத்தொன்று என்றால் எர்த்து

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எண்ணில்தான் ஆரம்பிக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் மேலே எவ்வளவு கீழே எவ்வளவு, போனுக்கு வந்த எண்ணை வங்கிக்காரனுக்குச் சொல்லலாமா கூடாதா. இதில் ஒன்றுகூட என் மண்டையில் நிற்பதில்லை. ஆனால் பதினைந்து, முப்பது, முப்பத்தொன்று, ஐம்பது, அறுபத்தொன்று, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எது எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்றும் சொல்வேன். இந்த எண்களுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க என்னைச் சூதாட்டக்காரி என்றார்கள். ஒரு ஸாரி சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்வதாக இல்லை. அதைத்தான் எழுதுகிறேன், பிடித்தால் படியுங்கள்.

கல்மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை ஓரத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே என் நைனா லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை, ஹெட்லைட் ஒரு கண் குருடு என்று டிரைவர்கள் வருவார்கள். நைனா பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார். அவருக்குக் கணக்கு எல்லாம் கலர்தான். சிவப்பு இங்கே, பழுப்பு அங்கே, கருப்பில் மஞ்சள் கோடு போட்டது இன்னோரிடம். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்ப்பார். எரிந்தால் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. அவர் சட்டையில் எப்போதும் ஒயர் கருகிய வாசனை இருக்கும். அதன் மேல் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வருகிற காற்றும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான் வீட்டு வாசனை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் மழை அதிகம். மணலி ரோட்டிலும் சடையங்குப்பம் பக்கத்திலும் தண்ணீரில் நின்றுவிட்ட லாரிகளை இழுத்துக்கொண்டு வந்து நைனாவின் தார்ப்பாய்க்கு முன்னால் விட்டார்கள். சேற்றில் ஊறிய ஒயர் எல்லாம் ஒரே நிறம். சிவப்பும் சேறு, பழுப்பும் சேறு. நைனா ஒவ்வொரு ஒயரையும் துணியால் துடைத்துத் துடைத்துக் கலர் தேடினார். வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேச மாட்டார்.

இப்போது எங்கள் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு என்பது ஒரே அறை. கதவு பலகைக் கதவு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த சந்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி உள்ளே வந்து சோற்றில் விழும். ஒரு லாரி முதலாளி வேண்டாம் என்று போட்டுவிட்ட தடிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த பெரிய தாள் ஒன்று இருந்தது. அந்த லாரியின் மொத்த ஒயரிங்கும் வரைந்த படம். நைனாவுக்கு அது தேவைப்படவில்லை. அம்மாதான் மைதாப் பசை காய்ச்சி, கதவின் உள்பக்கம் முழுக்க அதை ஒட்டினாள். தாழ்ப்பாள் வருகிற இடத்தில் கத்தியால் ஒரு ஓட்டை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டால் கண்ணுக்கு நேரே அந்தப் படம்தான்.

படத்தின் அடியில் எந்த எண் எதற்கு என்று ஏதோ எழுதியிருந்திருக்க வேண்டும். மைதாப் பசைக்கு ஆசைப்பட்ட கரப்பான்பூச்சிகள் அதைத் தின்றுவிட்டன. எனக்கு மிஞ்சியது கோடுகளும் எண்களும் மட்டும். நான் அப்போது ஆறாவது படித்தேன். வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கோட்டைப் பிடித்து அது எங்கே போகிறது என்று பார்ப்பேன். என் தம்பி வேறொரு கோட்டைப் பிடிப்பான். யார் கோடு முதலில் முடிகிறதோ அவருக்கு மற்றவர் தட்டிலிருந்து ஒரு துண்டு கருவாடு.

அந்த விளையாட்டில்தான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. எங்கிருந்து கிளம்பினாலும் எல்லாக் கோடும் கடைசியில் ஒரே மாதிரி இடத்தில் போய் முடிந்தது. சீப்பு மாதிரி ஒரு படம், பக்கத்தில் 31. இந்தப் பக்கம் பேட்டரிப் பெட்டியிலிருந்து கிளம்புகிற கோட்டில் எல்லாம் 30. சாவிப் பெட்டியைத் தாண்டி வருகிற கோட்டில் எல்லாம் 15. நைனாவின் பழைய சாமான் டப்பாவில் செத்துப்போன ரிலேவும், அதாவது கரண்டால் தானே போட்டுக்கொள்கிற குட்டி சுவிட்ச் பெட்டியும், சாவி சுவிட்சும் கிடந்தன. அவற்றைத் திருப்பிப் பார்த்தால், ஒயர் மாட்டுகிற ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் குட்டிக்குட்டியாக அதே எண்கள். நான் எம்பிக் குதித்தேன். கதவில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதான்! முப்பது என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் உண்டு. பதினைந்து என்றால் சாவியைத் திருப்பினால்தான். முப்பத்தொன்று என்றால் எர்த்து, வந்த கரண்ட் திரும்பிப் போகிற வழி. ரிலேவில் கரண்ட் எண்பத்தாறில் உள்ளே வந்து எண்பத்தைந்தில் வெளியே போனால், எண்பத்தேழு வேலை செய்யும். யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். அவர் முழங்கை வரை சேற்றில் இருந்தார்.

"நைனா, கலர எதுக்குத் தொடச்சிகினு கீற? பல்லுக்குப் பக்கத்துல நம்பரு கீது பாரு. அத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

"அது கம்பெனிக்காரன் போட்ட நம்பரு. சாமான் வாங்கறதுக்கு. நீ வூட்டுக்குப் போ, மழ வருது."

போனேன். ஆனால் விடவில்லை. அன்றிலிருந்து எனக்கும் தம்பிக்கும் வீட்டில் எல்லாருக்கும் எண் உண்டு. அம்மா முப்பது. சாவியே வேண்டாம், எந்நேரமும் கரண்ட், தொட்டால் ஷாக். நைனா பதினைந்து. டீ குடித்து ஒரு பீடியும் முடிந்து யாராவது திருப்பிவிட்டால்தான் ஓடுவார். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும் தம்பி நாற்பத்தொன்பது, அது இண்டிகேட்டர் எண். எனக்கு எது என்று தம்பி கேட்டான். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

எண்களை மறக்கக்கூடாது என்று பள்ளிக்கூடம் போகும்போது கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். அங்கேதான் வந்தது வினை.

வடசென்னையில் அன்றைக்கு இரண்டு இலக்க எண் என்றால் ஒன்றே ஒன்றுதான். காட்டன். ஒரு எண்ணின் மேல் காசு கட்டுவார்கள், அந்த எண் வந்தால் அடித்தது, வராவிட்டால் போனது. எங்கள் தெருவில் அதில் அழியாத வீடு குறைவு. கனவில் வந்த எண், செத்தவர் வயது, குழந்தை உளறியது, எதை வேண்டுமானாலும் கட்டுவார்கள். தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்த அக்கா ஒரு நாள் எனக்கு இட்லி கட்டும்போது என் கையைப் பார்த்திருக்கிறாள். அதில் அறுபத்தொன்று இருந்தது. பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டுகிற விளக்கின் எண் அது. அக்கா கட்டினாள். அடித்தது.

மறுநாள் எனக்குச் சும்மாவே இரண்டு வடை கிடைத்தது. ஏன் என்று கேட்காமல் தின்றேன். அதற்கடுத்த நாள் அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னா பாப்பா, இன்னிக்கி இன்னா நம்பரு?"

"எந்த நம்பரு?"

"டபாய்க்காத. கைல எழுதிகினு வந்தியே, அது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவிடம் விளக்கினேன். சாவி, பேட்டரி, எர்த்து எல்லாம் சொன்னேன். அவள் மிகவும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சோக்கா சொல்ற. அப்ப முப்பதக் கட்டட்டுமா, முப்பத்தொண்ணா?" என்றாள். ஒரு வாரத்துக்குள் நான் தெருவில் நடந்தால் பெரிய ஆம்பிளைகள் என் கையை எட்டிப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கையைப் பார்த்தார். எங்களுடையது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளி, நேரே தலைமை சிஸ்டரின் அறை. அவர் தெற்கத்திப் பக்கத்துக்காரர், எங்கள் தெருப் பிள்ளைகள் காட்டனால் பட்டினி கிடப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர். அந்தக் கோபம் நியாயமானது. என் மேல் காட்டியதுதான் அநியாயம்.

"யாருக்காக எழுதிக்கொண்டு வருகிறாய்?"

"யாருக்கும் இல்ல சிஸ்டர். இது ஒயரிங் நம்பரு."

"ஒழுங்காகப் பேசு. ஒயரில் ஏதம்மா நம்பர்?"

நான் பேசினதில் என்ன ஒழுங்கில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிஸ்டர் அவசரக்காரர் அல்ல, விசாரித்தார். பள்ளி வேனின் டிரைவரைக் கூப்பிட்டு வண்டி ஒயரில் எண் உண்டா என்று கேட்டார். அவர் வாசல் கதவில் சாய்ந்துகொண்டு யோசித்தார். "நம்பர் பிளேட்டுலதான் நம்பரு கீது சிஸ்டர். ஒயருலல்லாம் கெடையாது" என்றார். பிறகு நைனாவை வரச் சொன்னார்கள். நைனா துடைத்த கையோடு வந்து நின்றார்.

"உங்கள் பெண் இதெல்லாம் ஒயரிங் எண் என்கிறாள். உண்மையா? நீங்கள் இந்த எண்களை வைத்தா வேலை பார்க்கிறீர்கள்?"

நான் நைனாவின் முகத்தையே பார்த்தேன். ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் போதும்.

"எனக்குத் தெரிஞ்சி கலருதான் சிஸ்டர்," என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அவருடைய தம்பி, என் சித்தப்பா, காட்டனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்துக்குப் போனவர். நைனாதான் போய் அடையாளம் காட்டினார். காட்டன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு மகள் முகம் தெரியவில்லை, தம்பி முகம்தான் தெரிந்திருக்கும். இது எல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான், என் நைனா என்னை நம்பவில்லை. அந்த வலி இப்போதும் அப்படியே இருக்கிறது.

பிரார்த்தனை நேரத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இனிமேல் சூதாட்ட எண் எழுத மாட்டேன், ஸாரி என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை வகுப்புக்கு வெளியே. வார முடிவுக்குள் சொல்லாவிட்டால் டி.சி. இதுதான் தீர்ப்பு. டி.சி. வாங்கிய பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். விடிவதற்கு முன் போய் இறால் உரித்துவிட்டு, விரல் எல்லாம் வெந்து வருவார்கள். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்ததும் நைனா என் தலையில் கை வைத்தார். "சொல்லிடும்மா. ஒரு ஸாரிதான. இன்னா போயிடப்போவுது?"

"செய்யாததுக்கு எதுக்கு ஸாரி?"

"பேஜாரு பண்ணாத."

"நீ பொய் சொல்லிட்டு என்னியும் பொய் சொல்லச் சொல்ற."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கு முன்னமே சேதி வந்துவிட்டது. முப்பது அல்லவா. கதவின் மேலிருந்து படத்தைச் சரசரவென்று கிழித்தாள். பசை நன்றாக ஒட்டியிருந்த இடத்தில் கத்தியால் சுரண்டினாள். "இந்தக் கண்றாவிய ஒட்டனது நானே. இந்த வூட்ல இனிமே நம்பருன்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். தாள் சுருண்டு எரிந்தது. அன்று ராத்திரி கதவுச் சந்து வழியாக மறுபடியும் தூசி வந்தது. தட்டில் கருப்பாக விழுந்ததை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டோம்.

படம் போனது தாளில்தான். எனக்கு அது மனப்பாடம்.

நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றபடி யோசித்தேன். காட்டன் எண் தனி எண். அது எங்கிருந்தும் வராது, எங்கேயும் போகாது. என் எண்ணுக்குக் கோடு உண்டு. நான் எண்ணை மட்டும் கையில் எழுதிக்கொண்டதுதான் இவர்களுக்குத் தெரிகிறது, கோடு என் தலைக்குள் இருக்கிறது. கோட்டோடு காட்டினால் கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வாரக் கடைசி நாள், பள்ளிக்கூடம் திறக்குமுன்னே, அம்மாவின் அடுப்பிலிருந்து கரித்துண்டுகளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். தம்பி டப்பாவைப் பிடித்துக்கொண்டான். தெருப் பக்கம் இருந்த பள்ளிக்கூடச் சுவர் நீளமானது, வெள்ளையாக இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிப் பெட்டியில் ஆரம்பித்தேன். முப்பது. சாவி. பதினைந்து. செல்ஃபுக்கு ஐம்பது. ஹெட்லைட், பின்விளக்கு, வைப்பர், ரிலே, ஹாரன். எட்டாத இடத்துக்குக் குதித்து எழுதினேன். சுவரின் அடியில் நெடுக ஒரே கோடு இழுத்து, கடைசியில் பெரிய சீப்பு போட்டு 31 என்று எழுதினேன். முகம், பாவாடை எல்லாம் கரி.

திரும்பிப் பார்த்தால் கூட்டம். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிகரெட் அட்டையில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். இட்லிக்கடை அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இன்னா பாப்பா, ஒரேயடியா இவ்ளோ குடுத்துட்ட? எத்தக் கட்டறது, எத்த வுடறது?"

"காட்டன் இல்லக்கா! கோட்டப் பாரு! காட்டனுக்கு ஏது கோடு?" என்று கத்தினேன்.

சைக்கிள்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் விளக்கினார். "கோடு போட்டா ஜோடி நம்பரு மாமு. முப்பதுக்கும் எண்பத்தேழுக்கும் கோடு கீது பாரு, ரெண்டியும் சேத்துக் கட்டணும்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிஸ்டர் வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர் திட்டவே இல்லை. "இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்? உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, டி.சி. தருகிறேன்" என்றார். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தம்பி ஓடினான்.

நைனா டெஸ்ட் லேம்ப்பைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். சிஸ்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நைனா காது கொடுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டோரம் போய், பேட்டரிப் பெட்டியில் விரலை வைத்தார். அங்கே எல்லாக் கோடும் கரி. சிவப்பு இல்லை, பழுப்பு இல்லை. அவர் பிடித்துக்கொள்ள எண்ணைத் தவிர எதுவும் இல்லை.

"முப்பது," என்றார் மெதுவாக. விரல் நகர்ந்தது. "சாவி. பதினஞ்சு." அவர் வாயிலிருந்து அந்த எண் வந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. ஹெட்லைட்டுக்குப் போனார், திரும்பி வந்தார். செல்ஃபுக்குப் போனார். கூட்டம் சத்தம் போடாமல் அவர் விரல் போகிற இடத்தைப் பார்த்தது. ஹாரன் ரிலேவில் வந்து நின்றார்.

"எண்பத்தஞ்சு பட்டனுக்கு வந்துச்சி. பட்டன்லேர்ந்து எங்கம்மா போவுது?"

பார்த்தேன். கோடு இல்லை. பட்டனோடு நின்றுவிட்டது. எனக்குப் பட்டென்று புரிந்தது. கதவில் தாழ்ப்பாள் ஓட்டை இருந்த இடம் அது. நான் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நைனா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார்.

"எர்த்து குடுக்காம ஹாரன் எப்டிம்மா கத்தும்?"

தம்பியின் டப்பாவிலிருந்து ஒரு கரியை எடுத்தார். பட்டனிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்து அடிக் கோட்டோடு சேர்த்தார். பக்கத்தில், எழுதிப் பழக்கமில்லாத கையால், கோணல்மாணலாக 31 என்று எழுதினார்.

"நீங்களுமா?" என்றார் சிஸ்டர்.

நைனா கரியைக் கீழே போடவில்லை. "காட்டன் நம்பருல தப்பு கண்டுபுடிக்க முடியுமா சிஸ்டர்? இதுல ஒரு தப்பு இருந்துச்சி. கண்டுபுடிச்சேன். அன்னிக்கி நான்தான் தெரியாம சொல்லிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எம்பொண்ணு ஸாரி சொல்லாது."

சிஸ்டர் அந்தக் கோணல் முப்பத்தொன்றில் தொடங்கி, கோட்டைப் பிடித்துப் பேட்டரிப் பெட்டி வரை கண்ணால் போய்ப் பார்த்தார். உள்ளே மணி அடித்தது. "முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போ," என்றார் என்னிடம். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்டுக்குள் நுழையும்போது பின்னால் நைனாவின் குரல் கேட்டது. லாரிக்கு அடியிலிருந்து கத்துகிற அதே குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"யோவ், அட்டையக் கிழிச்சிப் போடுங்கய்யா. இத்தல்லாம் எவனும் கட்டக்கூடாது. இது எங்க வூட்டு நம்பரு."